காமிராவின் புள்ளிக் கணக்கு



கைப்பேசி வாங்கக் கடைக்குச் செல்வோர் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'காமிரா எத்தனை மெகாபிக்ஸல்?' என்பதே அது. கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டி 50 என்பார். அடுத்ததைக் காட்டி 108 என்பார். கண்ணாடிப் பேழைக்குள் தனியே வைத்திருப்பதைச் சுட்டி 200 என்பார். எண்ணோடு சேர்ந்து விலையும் ஏறும். தில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று. பேரனுக்கு முதற்பல் முளைத்திருப்பதைத் தஞ்சாவூரிலுள்ள பாட்டி காண்பது படத்தில்தான். நம்மூர்த் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததை நாம் காண்பதும் பெரும்பாலும் படத்தில்தான். ஆகவே, அந்த எண்ணுக்காக ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொடுக்கலாமா என்று தயங்குவது இயல்பே.

இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை பகர்வோர் பலர். 'எண் கூடினால் படம் கூர்மையாகும்' என்பது ஒரு கட்சி. 'அதெல்லாம் விளம்பரக்காரர் கட்டிவிட்ட கதை' என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். 1975-இல் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், 'எண்ணே எல்லாம்' என்பதுதான் சரியான விடையாக இருந்திருக்கும். 2008-இல் கேட்டிருந்தால் விடை நேர்மாறானது. அந்த மாற்றம் எப்பொழுது, எதனால் நேர்ந்தது என்பதை இன்று காண்போம்.

முதலில் பிக்ஸல் என்பது யாது? டிஜிட்டல் காமிராவில் லென்ஸுக்குப் பின்னே, பிலிம் இருந்த இடத்தில், ஒளியை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு மிகச் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாகக் கூறும். அவ்வெண்களை வரிசையாக அடுக்கினால் படம். படத்தின் அந்தச் சிற்றுறுப்பே பிக்ஸல். தமிழில் படப்புள்ளி என்கிறோம். மெகா என்பது 10 லட்சம். 12 மெகாபிக்ஸல் என்றால் ஒரு கோடியே 20 லட்சம் புள்ளிகள். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்து புள்ளியில் தேர்க் கோலம் போட முடியாது. ஆனால் புள்ளிகளைக் கூட்டிவிட்டால் மட்டும் கோலம் அழகாகிவிடுமா என்பது வேறு கேள்வி.

புள்ளிகள் வருவதற்கு முந்திய காலத்தையும் ஒரு முறை பார்த்துவிடுதல் நன்று. ஏனெனில், நுணுக்கமான படம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்னும் எண்ணம் பிழையானது. 1848-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி நகரை, ஓஹையோ ஆற்றின் மறுகரையிலிருந்து, சார்லஸ் ஃபோன்டெய்ன், வில்லியம் போர்ட்டர் என்னும் இருவர் எட்டுத் தகடுகளில் தொடர்ச்சியாகப் படம் பிடித்தனர். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் அம்முறைக்கு, அதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் டாகேரின் பெயரால் டாகேரோடைப் என்று பெயர். ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்குப் பின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஒளிப்பட அருங்காட்சியகத்தில் அத்தகடுகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபொழுது, வெறுங்கண்ணுக்குத் துகளாகத் தெரிந்த கோபுரக் கடிகாரத்தில் மணி என்ன என்பதையே படிக்க முடிந்தது. கடைப் பலகைகளின் எழுத்துகளும் துலங்கின. டாகேரோடைப் தகட்டில் நுணுக்கத்துக்குக் குறைவில்லை. குறையாக இருந்தவை வேறு: நகல் எடுக்க முடியாமை, வெளிச்சத்துக்காக நெடுநேரம் அசையாமல் காத்திருக்க வேண்டியமை, பாதரச ஆவியின் நஞ்சு.

கணினி படத்தைக் கண்ட கதை, இதற்கு முற்றும் எதிரான வறுமையிலிருந்து தொடங்குகிறது. 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பார், மூன்று மாதக் குழந்தையாக இருந்த தம் மகனின் படத்தை, சுழலும் உருளையொன்றின் உதவியால் கணினிக்குள் செலுத்தினார். படத்தின் அளவு 5 சென்டிமீட்டர் சதுரம். புள்ளிகள் 176-க்கு 176; அதாவது 30,976. அக்காலக் கணினியின் நினைவகத்தில் அதற்குமேல் இடமில்லை. குழந்தையின் முகம் அடையாளம் தெரிகிறது. ஆனால் அகலமான மரவுரிக்குப் பின்னே நின்று பார்ப்பது போன்ற தோற்றம். புள்ளிகளைச் சதுரமாக அமைத்தது சரியன்று என்னும் கருத்து அவருக்கே பின்னாளில் உண்டாயிற்று. எண்பது வயதை எட்டிய பின், 2010-இல், சதுரத்துக்குப் பதிலாக வேறு வடிவங்களைப் பயன்படுத்தும் முறையொன்றை அவர் வெளியிட்டார். அறுபதாண்டு உழைப்பாளிகள் சிலருக்கே வாய்க்கும் பிடிவாதம் அது!

1965 ஜூலையில் 'மாரினர் 4' என்னும் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தைக் கடந்து சென்றது. அது எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 200-க்கு 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 64 நிலைகளுள் ஒன்று. இந்த எளிய படத்தைப் பூமிக்கு அனுப்ப எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? கலத்திலிருந்து விநாடிக்கு எட்டேகால் துணுக்குகளுக்குச் சற்றே கூடுதலாக மட்டுமே வந்துகொண்டிருந்தன. ஒரு படத்துக்கு 2,40,000 துணுக்குகள். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ எட்டு மணி நேரம். கணினி படமாக்கித் தரும்வரை காத்திருக்கப் பொறுமையற்ற பொறியாளர்கள், வந்து குவிந்த எண்களைக் காகிதப் பட்டைகளில் அச்சிட்டு, பலகையில் வரிசையாக ஒட்டி, எண்ணுக்கேற்ற நிறத்தை வண்ணச் சுண்ணத்தால் கையாலேயே தீட்டினர். செவ்வாயின் முதற்படம் அவ்வாறு கையால் வண்ணமிட்ட படமாகவே உருவாயிற்று. அதே 1965-இல்தான், அந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ரெட் பில்லிங்ஸ்லி என்பவரின் கட்டுரையில் 'பிக்ஸல்' என்னும் சொல் அச்சேறியது. ஒரு புள்ளிகூட வீணாகக் கூடாது என்றிருந்த இடத்தில் அச்சொல் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1969-இல் அமெரிக்க பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் மின்னூட்டத்தைக் கட்டம் கட்டமாகக் கைமாற்றி வெளிக்கொணரும் சில்லைக் கண்டனர். வாளிகளைக் கைக்குக் கை மாற்றித் தீயணைப்பது போன்ற முறை அது. நாற்பதாண்டு கழித்து, 2009-இல், அதற்காக அவர்களுக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி நம் கதையின் தலைவரைக் காண்போம். அதே ராச்செஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி இருந்தது. உலகுக்கே பிலிம் விற்ற கம்பெனி. அங்கே ஸ்டீவன் சாஸன் என்னும் இளம் பொறியாளர், 1975 டிசம்பரில், பிலிம் இல்லாத காமிரா ஒன்றை ஒட்டுப்போட்டுச் செய்து முடித்தார். லென்ஸ் ஒரு சினிமாக் காமிராவின் உபரிப் பகுதியிலிருந்து வந்தது. எடை ஏறக்குறைய 3.6 கிலோகிராம். படம் ஒலிநாடாப் பேழையில் பதிய 23 விநாடி ஆயிற்று. புள்ளிகள் 100-க்கு 100, மொத்தம் பதினாயிரமே. முதலில் எடுத்தது ஆய்வுக்கூடப் பெண்மணி ஒருவரின் படம். டெலிவிஷன் திரையில் கூந்தலின் உருவம் தெரிந்தது. முகம் வெறும் இரைச்சலாகக் கலைந்திருந்தது. கம்பிகளை மாற்றி இணைத்த பின்னரே முகம் வந்தது.

கம்பெனியின் மேலதிகாரிகள் சாஸனிடம், இது எப்பொழுது பிலிமுக்கு ஈடாகும் என்று வினவினர். மிக மலிவான சிறு பிலிமுக்கு நிகராக வேண்டுமானாலும் 20 லட்சம் புள்ளிகள் தேவை என்று அவர் கணித்தார். பதினாயிரத்திலிருந்து 20 லட்சம் என்பது 200 மடங்கு. சில்லுகளின் வளர்ச்சி வேகத்தைக் கொண்டு, 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்றார். அக்கணிப்பு அநேகமாகப் பலித்தது! இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் காலத்தில் புள்ளிகளின் எண்ணிக்கை உண்மையான ஓர் இல்லாமையை அளந்தது. அரிசியே இல்லாத வீட்டில் எத்தனை படி அரிசி என்று கேட்பது நியாயமான கேள்வி. எண் இரட்டித்தபொழுதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பயன் விளைந்தது. 1986-இல் அதே கோடக் கம்பெனி 14 லட்சம் புள்ளிச் சில்லைச் செய்தது. 1991-இல் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட காமிராவைப் பத்திரிகைக்காரர்களுக்கு விற்றது. விலை ஏறக்குறைய 20,000 டாலர். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் சுமக்க வேண்டும். 1999-இல் வந்த 'நிக்கான் டி1', 27 லட்சம் புள்ளிகளுடன், பத்திரிகை நிலையங்களின் இருட்டறைகளை மூடத் தொடங்கியது. செய்தித்தாளின் முரட்டுத் தாளுக்கு அது தாராளம். 2003-இல் 'கானன் 300டி' 63 லட்சம் புள்ளிகளோடு ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. பிலிம் விற்ற கோடக் கம்பெனியோ, தன் வீட்டிலேயே பிறந்த பிள்ளையால் நலிவுற்று, 2012 ஜனவரியில் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று.

இல்லாமை எப்பொழுது தீர்ந்தது? அதையும் கணக்கிட்டுவிடலாம். கையில் வைத்துப் பார்க்கும் படம் கூர்மையாகத் தெரிய அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும் என்பது அச்சுத் தொழிலாளர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கணக்கு. குடும்ப ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200-க்கு 1,800; அதாவது 22 லட்சத்துக்குச் சற்றே குறைவு. சுவரில் மாட்டும் 8-க்கு 10 அங்குலப் படத்துக்கு 72 லட்சம். இன்றைய உயர்தர டெலிவிஷன் திரை முழுவதும் 21 லட்சத்துக்கும் குறைவான புள்ளிகளே. அதைவிட நுணுக்கமான '4கே' திரையில் 83 லட்சம். ஆக, 2003-க்கும் 2005-க்கும் இடையில், 60 லட்சத்தைக் கடந்து 80 லட்சத்தைத் தொட்டபொழுது, சாதாரணக் குடும்பத்தின் தேவை அநேகமாக நிறைவேறிவிட்டது. கேள்வி உண்மையில் அங்கேயே காலாவதியாகிவிட்டது என்பது என் கருத்து.

ஆனால் சந்தைக்கு ஓர் எண் வேண்டும். லென்ஸின் தரத்தை எண்ணாகச் சொல்ல இயலாது. நிறத்தின் நேர்த்தியைச் சொல்ல இயலாது. புள்ளிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். எண்ணுவதிலும் சாமர்த்தியங்கள் புகுந்தன. சில்லின் கட்டங்களுக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தின்மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி வைக்கப்படுகிறது. பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். இதுவும் கோடக் கம்பெனியைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடே. அப்படியானால், 12 மெகாபிக்ஸல் காமிராவில் பச்சையை அளப்பவை 60 லட்சம், மற்ற இரு நிறங்களுக்கும் 30 லட்சம் வீதம். மீதியைக் கணினி அண்டை அயல் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. இதற்கு மாறாக, 'சிக்மா' கம்பெனி மூன்று நிறங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று அடுக்கில் அளக்கும் சில்லைப் பயன்படுத்தியது. 2006-இல் அது அறிவித்த காமிராவின் படத்தில் 47 லட்சம் புள்ளிகளே இருந்தன. மூன்று அடுக்கையும் கூட்டி 14 மெகாபிக்ஸல் என்று விளம்பரம் செய்தனர். அது ஏமாற்றா, நியாயமா என்று அன்று பெரிய வாதம் நடந்தது. பிறர் ஊகத்தையும் சேர்த்து எண்ணும்பொழுது, அவர்கள் மெய்யான அளவைகளைச் சேர்த்து எண்ணினால் குற்றம் என்ன என்று கேட்கவும் இடமுண்டு.

மற்றொரு மயக்கமும் இதில் உண்டு. 12-லிருந்து 48 என்றால் நான்கு மடங்கு கூர்மை என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அகலத்திலும் உயரத்திலும் இரண்டிரண்டு மடங்கே கூடியிருக்கிறது. ஒரு கோட்டை எவ்வளவு நெருக்கமான இரு கோடுகளாகப் பிரித்துக் காணலாம் என்பது இரண்டு மடங்கே உயரும். அதுவும் லென்ஸ் இடங்கொடுத்தால். மொழிபெயர்ப்பு வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்னும் முறையில் இங்கே ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இத்திறனைக் குறிக்கும் சொல்லை நம்மவர் 'தெளிவு' என்றே பெயர்த்துவிடுகின்றனர். அறிவியல் நூல்களில் வழங்கும் 'பிரிதிறன்' என்னும் சொல்லே பொருந்தும். மங்கலான லென்ஸ் வழியே எடுத்த படத்தில் புள்ளிகள் எத்தனை கோடியாயினும் தெளிவு பிறக்காது. 'தெளிவு' என்று பெயர்த்த அன்றே பாதி விளம்பரம் முடிந்துவிட்டது.

2007-இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்தி எழுத்தாளர் டேவிட் போக் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். 5, 8, 13 மெகாபிக்ஸல் அளவுகளில் ஒரே காட்சியை 16-க்கு 24 அங்குலமாக அச்சிட்டு வழிப்போக்கர்களிடம் காட்டியபொழுது, எது எதுவென்று சரியாகச் சொன்னவர் அரிதாகவே இருந்தனர். ஒரே படத்தைச் சுருக்கித் தயாரித்தது முறையன்று என்று சிலர் மறுத்தனர். மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவ்வளவு பெரிய தாளிலேயே வேறுபாடு கண்ணுக்கு எட்டவில்லை என்பது மாறவில்லை.

இதனிடையே சட்டைப்பைக் காமிராக்களில் புள்ளிகள் மட்டும் பெருகின. சில்லின் பரப்பு பெருகவில்லை. இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. முற்றத்தில் மழைநீர் பிடிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதை முற்றத்தின் அகலம் தீர்மானிக்கிறது, பாத்திரங்களின் எண்ணிக்கையன்று. பழைய 35 மில்லிமீட்டர் பிலிமின் அளவுள்ள சில்லின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அக்காலச் சிறு காமிராவின் சில்லோ ஏறக்குறைய 25 சதுர மில்லிமீட்டர். முற்றம் 35-இல் ஒரு பங்கு! மேலும், ஒளி என்பது மழைத்துளி போலவே தனித்தனித் துகளாக விழுகிறது, ஒழுங்காக விழுவதில்லை. ஒரு கட்டத்தில் 100 துகள்கள் விழும் இடத்தில் பத்துத் துகள் கூடலாம், குறையலாம். அது நூற்றுக்குப் பத்துப் பிழை. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, நூற்றுக்கு ஒன்றே. மாலை வெளிச்சத்தில், விளக்கொளியில் எடுத்த படங்களில் மணல் தூவினாற்போன்ற கறை தென்படுவது இதனால்தான். கொலுப் படிகளின் நிழலில் எடுத்த படத்தில் பொம்மைகளின் முகம் பொரிந்து காணப்பட்டால் அதற்குப் புள்ளிக் குறைவு காரணமன்று, ஒளிக் குறைவே காரணம்.

பெரிய அண்டாவுக்குப் பதில் சிறு கிண்ணங்களைப் பரப்பினால் நீர் குறையுமா? இதில் 'விளம்பரக் கதை' என்னும் கட்சியார் சற்று மிகைப்படுத்திவிட்டனர். கிண்ணங்களிலுள்ள நீரையெல்லாம் ஒன்றாகக் கொட்டினால் மொத்தம் அநேகமாக அதுவே. ஆனால் கிண்ணங்களின் விளிம்புகள் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் அளக்கும்பொழுது சில துளிகள் சிந்தும். பழைய சில்லுகளில் மின்கம்பிகள் ஒளி விழும் பக்கத்திலேயே குறுக்கே கிடந்தன, அதுவே விளிம்பு. ஆகவே அன்று கிண்ணம் சிறுத்தால் உண்மையான நஷ்டம் இருந்தது. கானன் கம்பெனி 2008-இல் வெளியிட்ட 'ஜி10' காமிராவில் 147 லட்சம் புள்ளிகள். அடுத்த ஆண்டு வந்த 'ஜி11'-இல் 100 லட்சமே. முந்தியதைவிடக் குறைந்த எண்ணைப் போட்டு, அதையே மேன்மை என்று ஒரு பெரிய கம்பெனி விற்றது ஒரு புதுமை. அதே 2009-ஆம் ஆண்டு வாக்கில் கம்பிகளைச் சில்லின் பின்புறத்துக்கு மாற்றும் முறையை சோனி கம்பெனி சந்தைக்குக் கொணர்ந்தது. விளிம்பு மெலிந்தது, எண்ணைக் கூட்டுவதால் வரும் நஷ்டமும் குறைந்தது. 2013-இல் 36 மெகாபிக்ஸல் காமிராவையும், 2014-இல் அதே பரப்புள்ள 12 மெகாபிக்ஸல் காமிராவையும் அக்கம்பெனியே விற்றது. பின்னது இரவில் சலனப்படம் எடுப்போர்க்கு. முன்னது நிலக்காட்சியைப் பெரிதாக அச்சிடுவோர்க்கு. இரண்டையும் வாங்குவோர் இருந்தனர்.

லென்ஸின் பக்கமும் ஓர் எல்லை நிற்கிறது. குற்றமே இல்லாத லென்ஸும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் காட்டாது. சிறு வட்டமாகவே காட்டும் என்பதை ஜார்ஜ் ஏயரி என்னும் ஆங்கில வானியலறிஞர் 1835-இல் கணக்கிட்டு உரைத்தார். இன்றைய உயர்விலைக் கைப்பேசியின் லென்ஸில் பச்சை ஒளிக்கு அவ்வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 2.3 மைக்ரான். 2023-இல் 200 மெகாபிக்ஸலுடன் வந்த சாம்சங் கைப்பேசியின் கட்டமோ 0.6 மைக்ரான். ஒரே விண்மீனின் வட்டம் குறுக்கே ஏறத்தாழ நான்கு கட்டங்களை மூடுகிறது. நான்கு பேர் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்வதற்கு ஒப்பானது இது.

அப்படியிருந்தும் அக்கைப்பேசிகள் நல்ல படம் தருவது எவ்வாறு? எண்ணைக் குறைத்துக்கொண்டுதான். 2012-இல் வந்த நோக்கியா 808 இந்த வழியைத் திறந்தது. சில்லில் 41 மெகாபிக்ஸல். ஆனால் இயல்பாக அது தந்த படம் 5 மெகாபிக்ஸலே. ஏழெட்டுக் கட்டங்களின் ஒளியை ஒன்றாகச் சேர்த்துவிடும். 200 மெகாபிக்ஸல் கைப்பேசியும் சாதாரண நிலையில் பதினாறு பதினாறு கட்டங்களைச் சேர்த்து 12.5 மெகாபிக்ஸல் படத்தையே அளிக்கிறது. ஆப்பிள் கம்பெனி 2015 முதல் 2021 வரை பிரதான காமிராவில் 12 மெகாபிக்ஸலையே மாற்றாமல் வைத்திருந்தது; அந்த ஆறாண்டுகளில் அதன் படங்கள் ஆண்டுதோறும் திருந்தியே வந்தன. சில்லின் பரப்பு வளர்ந்தது. பல படங்களை விரைந்து எடுத்துச் சராசரி காணும் கணிதம் வளர்ந்தது. கூகிள் கம்பெனி 2018-இல் தன் 12 மெகாபிக்ஸல் கைப்பேசிகளுக்கு அளித்த இரவுப்பட வசதியும் அத்தகையதே. ஒரே இருட்டுக் காட்சியைப் பல முறை எடுத்துக் கூட்டுவது, மழையில் முற்றத்தை அதிக நேரம் திறந்து வைப்பதற்குச் சமம்.

எண் பயன்படாத இடங்களையே சொல்லிக்கொண்டிருப்பதும் நடுநிலையாகாது. நம் நாட்டின் முதற்பெரும் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988-இல் ஏவப்பட்டபொழுது, அதன் ஒரு காமிராவில் ஒரு புள்ளிக்குத் தரையில் 72.5 மீட்டர், சிற்றூரின் குளம் சில புள்ளிகளில் அடங்கிவிடும். 1995-இல் ஐ.ஆர்.எஸ்.-1சி அதை 5.8 மீட்டராகக் குறைத்தபொழுது தெருவே தெரியத் தொடங்கிற்று. ஓலைச்சுவடிகளைப் படியெடுப்போரும் எண்ணை அலட்சியம் செய்ய இயலாது. 45 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஏட்டை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பதிய வேண்டுமானால், நீளவாட்டில் மட்டும் 5,300-க்கு மேல் வேண்டும். 6 மெகாபிக்ஸல் காமிராவில் நீளவாட்டில் 3,000 அளவே உண்டு. புள்ளி வைக்காமல் எழுதிய பழைய ஏட்டில் கீறல் எது, எழுத்து எது என்று தடுமாறும் பதிப்பாசிரியருக்கு அந்த வேறுபாடு ஒரு பாடபேதம். அங்கே 24 மெகாபிக்ஸல் ஆடம்பரமன்று. தொலைவிலுள்ள பறவையை எடுத்து, படத்தின் மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவோர்க்கும் அவ்வாறே.

குடும்பத்துக்கு வருவோம். 12 மெகாபிக்ஸலோ 200 மெகாபிக்ஸலோ, கைப்பேசியின் செய்திச் செயலி வழியாக ஊருக்கு அனுப்பும் படம் பெரும்பாலும் வழியிலேயே சுருக்கப்பட்டு, சில லட்சம் புள்ளிகளாகவோ மிஞ்சினால் இருபது லட்சத்தை ஒட்டியோ பாட்டியின் கைக்குச் சேருகிறது. காசு கொடுத்து வாங்கிய கோடிகள் எல்லாம் நடுவழியில் உதிர்ந்துவிடும். ஸ்டூடியோவில் அச்சிட்டுச் சட்டம் போட விரும்பினால், படத்தைப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்ப வேண்டும். அது ஒரு காசு செலவில்லாமல், பழைய கைப்பேசியிலேயே கிடைக்கும் முன்னேற்றம்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்பொழுது, பரண்மேலுள்ள தகரப் பெட்டியில் தாத்தாவின் படம் ஒன்று இருக்கலாம். 4-க்கு 6 அங்குலமுள்ள படத்தை 12 மெகாபிக்ஸல் கைப்பேசியால் சட்டம் முழுக்க நிரப்பி எடுத்தால் அங்குலத்துக்கு 600-க்கு மேல் புள்ளி கிடைக்கிறது. படத்தாளில் உள்ள நுணுக்கம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். வேண்டியது வெளிச்சம். ஜன்னலோரத்தில், வெயில் நேரே படாத இடத்தில், படத்தைச் சமதளமாக வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள்; கைப்பேசியின் விளக்கைப் போடாதீர்கள், தாளின் மினுமினுப்பில் அது வெண்திட்டாக விழும். எடுத்த பின் படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும், தேதியும், யாரோ பென்சிலால் எழுதிய பெயர்களும் இருக்கக்கூடும். அதையும் தனியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.